மூன்றரை மணிப் பாலும் எட்டரை மணி ஷிப்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டுத்தரையில் இரண்டு கறவை மாடு, திண்ணையில் ஒரு தையல் மிஷின், வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அவிநாசி, ஊத்துக்குளி, காங்கேயம் பக்கத்துக் கிராமங்களில் ஏராளமான குடும்பங்களின் பிழைப்பு இதுதான். ஒரு வருமானம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகிவிடும். இரண்டு இருந்தால் இழுபறி. மூன்றும் சேர்ந்தால்தான் பிள்ளைகளின் படிப்பும் குழுக் கடனும் தடையில்லாமல் ஓடும். இப்படிப் பாடுபடுகிறவர்களைப் பத்திரிகைகள் அவ்வப்போது பாராட்டி எழுதுகின்றன. அந்த நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் மூன்று வேலையையும் பிள்ளைகுட்டிகளையும் ஒரே நாளுக்குள் எப்படி அடக்குகிறார்கள், எந்த இடத்தில் சறுக்குகிறது, ஏன் சறுக்குகிறது என்பது அச்சில் வருவதே இல்லை. புதிதாக மாடு வாங்கப் போகிறவர்களுக்கும் மிஷின் போடப் போகிறவர்களுக்கும் தெரியவேண்டியது அதுதான்.

உழைக்க இந்தப் பக்கத்து ஜனங்கள் அஞ்சுவதில்லை. வேலையின் கனத்தால் படுத்தவர்கள் குறைவு. ஒரு வேலையின் நேரம் இன்னொரு வேலையின் நேரத்தில் போய் முட்டும்போதுதான் குடும்பம் நொந்துபோகிறது. அதனால் மூன்று வேலையில் எது காத்திருக்காது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தைக்கக் கொடுத்த துணி ஒரு நாள் காத்திருக்கும். கம்பெனி வேன் ஐந்து நிமிடம்கூட நிற்காதுதான், ஆனால் வாரத்தில் ஒரு நாள் அதற்கு விடுமுறை உண்டு. மாட்டு மடி ஒரு வேளையும் காத்திருக்காது, 365 நாளும் காத்திருக்காது. ஆகவே வீட்டுக் கடிகாரம் மாட்டை வைத்துத்தான் ஓடவேண்டும். கம்பெனி நேரத்துக்குக் கடிகாரத்தை வைத்துவிட்டு, மாட்டை அதற்குள் திணிக்கப் பார்க்கும் வீடுகளில்தான் மடிநோய் முதலில் வருகிறது.

பாலை 12 மணி நேர இடைவெளியில் கறப்பதே மாட்டுக்கு நல்லது. நடைமுறையில் பல ஊர்ப் பால் சொசைட்டிகளில் காலை ஆறு மணி வாக்கிலும் பிற்பகல் மூன்று, மூன்றரை மணிக்கும் பால் எடுக்கிறார்கள். பகலில் 9 மணி நேரம், இரவில் 15 மணி நேரம் என்று இடைவெளி விழுகிறது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு கறக்கும் காலைப் பாலில் அளவு கூடும், கொழுப்பு குறையும். பிற்பகல் பாலில் அளவு குறையும், கொழுப்பு கூடும். இது இயற்கை. பாலின் அளவும் கொழுப்பும் போட்டு சொசைட்டியில் தரும் காலைச் சீட்டில் கொழுப்பு குறைந்திருப்பதைப் பார்த்துப் புண்ணாக்கைக் கூட்டிப் போட்டுப் பணத்தைக் கரைக்க வேண்டாம். இரண்டு வேளைச் சீட்டையும் ஒரு வாரம் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

அவசரம் எங்கே தெரியும் என்றால் அந்தச் சீட்டில்தான் தெரியும். மடியைக் கழுவித் துடைத்து, காம்பைத் தொட்ட ஒரு நிமிடத்தில் மாடு பாலை இறக்க ஆரம்பிக்கும். அந்த இறக்கம் ஐந்து முதல் ஏழு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். இடையில் அடுப்பில் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டு வந்தால், மீதிப் பால் மடியிலேயே தங்கிவிடும். முதலில் வரும் பாலில் கொழுப்பு 1, 2 சதவீதம்தான் இருக்கும். கடைசியாக ஒட்டக் கறக்கும் பாலில் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வேன் வருகிறது, பள்ளிக்கு நேரமாகிறது என்று கடைசி அரை லிட்டரை விட்டுவிட்டு எழுந்தால் அரை லிட்டரோடு போகாது, மொத்தப் பாலின் கொழுப்பும் சரிந்து விலையும் இறங்கும். மடியில் தங்கிய பாலில் கிருமி பெருகும். நாலு நாள் இப்படி நடந்தால் ஒரு காம்பு கல்லாகும். கறக்கும் முறையும் அப்படித்தான். முழுக்கையால் பிடித்துக் கறந்தால் காம்புக்கு வலியில்லை. கட்டைவிரலை மடக்கி இழுத்துக் கறப்பது வேகமாகத் தெரியும், ஆனால் காம்பின் உள்ளே காயம் பட்டு அங்கிருந்தே நோய் தொடங்கும்.

கறந்து முடித்ததும் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் மாடு சாணியில் படுத்தால் கிருமி நேராக உள்ளே ஏறும். அதனால் பசுந்தீவனத்தைக் கறப்பதற்கு முன்னே போடாமல், கறந்தவுடன் போடுங்கள். மாடு நின்று தின்னும், துளை மூடிக்கொள்ளும். காசு செலவில்லாத வைத்தியம் இது. தினமும் முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கறுப்பு நிறக் கிண்ணத்தில் தனியாகப் பீச்சிப் பாருங்கள். திரிதிரியாகத் தெரிந்தால் அன்றே கவனிக்க வேண்டும்.

மடிநோய்க்குக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் சொல்லும் மூலிகை முறை நல்ல முறை. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடியை ஒட்டக் கறந்து கழுவிய பிறகு பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். இந்தப் பத்து முறையில்தான் விஷயம் இருக்கிறது. மனைவி, கணவன் இருவருமே ஷிப்டுக்குப் போகிற வீட்டில் காலை ஒரு முறை, இரவு ஒரு முறை பூசிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்பார்கள். மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பகலில் ஒருவர் வீட்டில் இருக்க முடியாத குடும்பம் கறவை மாடு வாங்கக் கூடாது. ஆடோ கோழியோ போதும். இதைக் கடுமையாகவே சொல்கிறோம், ஏனென்றால் அப்படி வாங்கிய மாடுகள் ஒரு ஈற்றுக்குள் பாதி விலைக்குப் போவதுதான் வழக்கம். காய்ச்சல் இருந்தாலோ, பாலில் ரத்தம் தெரிந்தாலோ மூலிகையோடு நிற்காமல் 1962 என்ற எண்ணுக்கு அழைத்துக் கால்நடை ஆம்புலன்ஸை வரச் சொல்லுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் மாடு அம்மா கைக்கு மட்டுமே பழகியிருக்கும். வேறு யார் உட்கார்ந்தாலும் பாலை எக்கிக்கொள்ளும். அந்த அம்மா ஒரு சாவுக்குப் போக முடியாது, காய்ச்சலில் படுக்க முடியாது. கன்று போட்ட முதல் மாதத்திலேயே இரண்டு கைக்குப் பழக்குங்கள். காலையில் கணவர், பிற்பகலில் மனைவி என்று வைத்தால் மிகச் சரியாக இருக்கும். எட்டரைக்கு ஷிப்ட் என்றால் வேன் ஊருக்குள் ஏழே முக்காலுக்கு வரும். ஐந்து மணிக்கு எழுந்து சாணி அள்ளி, கட்டுத்தரையைக் கழுவி, இரண்டு மாட்டைக் கறந்து, ஆறே கால் மணிக்குப் பாலை ஊற்றிவிட்டு வர அவருக்கு நேரம் இருக்கிறது. அதே நேரத்தில் அடுப்பு வேலையை முடித்துவிட்டால், ஒன்பதரை மணிக்கு மனைவி மிஷினில் உட்காரலாம். காலைக் கறவையும் பிற்பகல் கறவையும் ஒருவர் தலையிலேயே விழுந்தால், தையலுக்கென்று மிஞ்சுவது இரவு ஒன்பது மணிக்கு மேல் தூக்கக் கலக்கத்தில் தைக்கும் நேரம்தான்.

தீவனக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் மாட்டு வேலையில் இறங்க வேண்டாம். 10 லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்கு உடம்புக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ, பாலுக்கு லிட்டருக்கு 400 கிராம் என்று ஏறக்குறைய 6 கிலோ அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு கலந்தது) வேண்டும். பசுந்தீவனம் 20 முதல் 25 கிலோ, சோளத்தட்டோ வைக்கோலோ 5 கிலோ, தாது உப்புக் கலவை 50 கிராம். தண்ணீர் தொட்டியில் எப்போதும் நிற்க வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்கு மூன்று, நாலு லிட்டர் தண்ணீர் உடம்புத் தேவைக்கு மேல் கூடுதலாகக் குடிக்கும். தண்ணீர் வற்றிய தொட்டி பிற்பகல் பாலில் அன்றே தெரியும். பசுந்தீவனத்துக்குக் கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர்ப் புல்லின் கரணையை இரண்டடி இடைவெளியில் நட்டால் முதல் அறுப்பு 75, 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒரு அறுப்பு. தண்ணீர் வசதி இருந்தால் மாட்டுக்குப் பத்து, பன்னிரண்டு சென்ட் போதும். ஓரத்தில் இரண்டு வரிசை வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடி விட்டால் புண்ணாக்குச் செலவு குறையும். ஒரு எச்சரிக்கை: அவசரத்துக்குப் பக்கத்துக் காட்டு இளஞ்சோளத்தில் மாட்டைக் கட்டிவிடாதீர்கள். பூ எடுக்காத, அதுவும் வாடிய இளஞ்சோளத்தில் விஷம் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் மாடு சாய்ந்துவிடும்.

இனிப் பணக் கணக்கு. பால் லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டருக்கு 350. அடர்தீவனம் கிலோ 30 வீதம் 180, உலர்தீவனம் 45, தாது உப்பு, மருந்துக்கு 10. மிச்சம் 115 ரூபாய். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேர வேலை. மணிக்கு 38 ரூபாய். இரண்டாவது மாடு வந்தால் வேலை நேரம் இரட்டிப்பாவதில்லை. அதே சொசைட்டி நடை, அதே கட்டுத்தரைக் கழுவல், மொத்தம் நாலு மணி நேரத்தில் முடியும். மிச்சம் 230. மணிக்கு 57 ரூபாய். மூன்றாவது மாடு? சொந்தப் பசுந்தீவனம் அதோடு தீர்ந்துவிடும். கிலோ நாலு ரூபாய்க்கு 25 கிலோ வாங்கினால் நூறு ரூபாய் போய்விடும். அந்த மாடு கேட்கும் கூடுதல் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது 15 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், தொகை மாறும், போக்கு பெரும்பாலும் மாறாது. தையலும் ஷிப்டும் உள்ள குடும்பத்துக்கு இரண்டு மாடே அளவு. கடன் கிடைக்கிறது என்பதற்காக மூன்றாவதைப் பிடித்துக் கட்டியவர்கள் முதல் இரண்டையும் ஒழுங்காகப் பார்க்க முடியாமல் தவிக்கிறார்கள்.

இந்த மிச்சமும் கறவை இருக்கும் பத்து மாதத்துக்குத்தான். கன்று ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் பால் வற்றவிட வேண்டும். அந்த இரண்டு மாதமும் மாடு தின்னும், தவணையும் நிற்காது. ஆகவே இரண்டு மாட்டையும் ஒன்றாக வாங்காதீர்கள். முதல் மாடு ஈன்று நாலைந்து மாதம் கழித்து, அப்போதுதான் ஈன்ற இரண்டாவது மாட்டை வாங்கினால் ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும். கடனுக்குக் கிசான் கடன் அட்டையில் மாட்டுப் பராமரிப்புக்கும் வழி உண்டு. தவறாமல் கட்டுவோருக்கு வட்டிச் சலுகை போக 4 சதவீதம்தான் ஆகிறது. வாரத் தவணைக்குக் கடன் வாங்கி மாடு வாங்குவது பொருந்தவே பொருந்தாது. பால் பணம் வாரா வாரம் வருவதில்லையே.

மாடு சினைக்கு வரும் பருவத்தைத் தவறவிடுவதுதான் பல வேலை பார்க்கும் வீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் பெரிய நஷ்டம். மாடு ஈன்று 60 முதல் 90 நாளுக்குள் சினை ஊசி போட வேண்டும். பருவம் 21 நாளுக்கு ஒரு முறை வரும். அறிகுறி ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். கத்துவது, தீவனம் குறைவது, கண்ணாடிக் கயிறு போல வழும்பு தொங்குவது, பிற மாட்டின் மேல் தாவுவது. வெயில் காலத்தில் கலப்பின மாடு கத்தாமலே பருவத்துக்கு வரும், அதுவும் விடியற்காலையில். சாணி அள்ளுகிறவர் வாலில் ஒட்டிய வழும்பைப் பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. காலையில் பார்த்தால் அன்று மாலை ஊசி, மாலையில் பார்த்தால் மறுநாள் காலை. ஒரு பருவம் போனால் 21 நாள் தீவனம் வீண். மாட்டுக்கு ஒரு நாள் தீவனம் இருநூறு ரூபாய் என்றால் நாலாயிரத்துக்கு மேல். கட்டுத்தரைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கட்டும். பருவத் தேதியை வட்டமிட்டு, 19, 20, 21-ஆம் நாளில் கோடு போட்டுவையுங்கள். படிக்கிற பிள்ளைக்கு அந்த நாட்காட்டியை ஒப்படைத்தால் மகிழ்ச்சியாகப் பார்த்துக்கொள்வார்கள். ஐந்து நிமிட வேலை, படிப்பு கெடாது.

அடுத்து மிஷின். தையலில் நேரத்தைத் தின்பது மிஷின் ஓடும் நேரமில்லை. எழுந்து எழுந்து போவது, நூல் மாற்றுவது, பிரித்துத் தைப்பது ஆகிய மூன்றும்தான். ஒரு லைனிங் பிளவுஸை வெட்டுவதிலிருந்து கொக்கி கட்டுவது வரை ஒரே மூச்சில் முடிக்க நினைத்தால், மாடும் பிள்ளையும் உள்ள வீட்டில் முடியாது. வேலையை நேரத்துக்கேற்பப் பிரிக்க வேண்டும். வெட்டுவதற்குத் தெளிந்த தலையும் பகல் வெளிச்சமும் வேண்டும். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்ததும் நாலைந்து பிளவுஸை ஒன்றாக வெட்டிவிடுங்கள். ஒரே நிற நூல் போகும் துணிகளை அடுத்தடுத்துத் தையுங்கள். ஹெம்மிங்கும் கொக்கியும் கைவேலை. அதை ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் சொசைட்டி வரிசையில், பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்தபடியே முடியும். பிளவுஸுக்கு அரை மணி நேரம் அப்படி மிச்சமாகும்.

பருத்தி லைனிங்கைத் தண்ணீரில் நனைத்து உலர்த்தித் தேய்க்காமல் தைக்காதீர்கள். தைத்த பின் முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல் துணி குமிழியாக நிற்கும். பிரித்துத் தைக்க இரண்டு மணி நேரம் போகும், பேரும் கெடும். வாரத்துக்குத் தேவையான லைனிங் முழுவதையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் நனைத்து எடுங்கள். சிவப்பு, கறுப்பு இரண்டையும் தனித்தனி வாளியில், சாயம் இறங்கும். மிஷினுக்கு எண்ணெய் விடுவது இரவில்தான். விட்டதும் பழைய துணியில் நாலு வரி ஓட்டுங்கள். காலையில் விட்டால் முதல் பிளவுஸில் எண்ணெய்க் கறை விழும். அடித்துணியில் நூல் சுருள் சுருளாகக் கிடந்தால் பாபினைத் திருகிக்கொண்டிருக்காமல் மேல்நூல் இறுக்கத்தைப் பாருங்கள், பாபின் கேஸில் அடைந்திருக்கும் பஞ்சை எடுங்கள். மாட்டு வீட்டில் தட்டுத் தூசி பறக்கும், பஞ்சு மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் அடைக்கும். கறந்த கையோடு துணியைத் தொடக் கூடாது. பட்டுத் துணியில் பால் வாடையும் சாணி வாடையும் ஏறினால் இறங்காது. பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வையுங்கள்.

தூக்கக் கலக்கத்தில் வெட்டுகிறவர்கள் செய்யும் ஒரு தவறு எல்லாத் தையல்காரருக்கும் தெரியும். இரண்டு கையும் ஒரே பக்கத்துக் கையாக வெட்டுப்பட்டுவிடும். நல்ல பக்கமும் நல்ல பக்கமும் உள்ளே பார்க்கும்படி துணியை மடித்து வெட்டினால் இடக்கையும் வலக்கையும் தானாக அமையும். அசதியில் மடிக்காமல் அளவுத் தாளை இரண்டு முறை அப்படியே வைத்து வெட்டிவிடுவார்கள். எண்பது சென்டிமீட்டர் துணியில் இன்னொரு கைக்கு இடம் ஏது? அந்த ஒரு தவறு நாலு பிளவுஸின் கூலியைத் தின்றுவிடும். இரவு ஒன்பதரைக்கு மேல் கத்தரியைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்த்தையல் அடிக்கலாம், வெட்டக் கூடாது. ஊசி விரலில் ஏறுவதும் அந்த நேரத்தில்தான்.

தீபாவளி, தைப்பொங்கல், ஆவணி முகூர்த்தம் என்றால் துணி குவியும். வருவதையெல்லாம் வாங்கிப் போடாதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மிஷினில் உட்கார முடியும், ஒரு லைனிங் பிளவுஸுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும் என்றால், ஞாயிறு போக ஆறு நாளில் ஏழுதான் தைக்க முடியும். ஏழாவதோடு நோட்டை மூடிவிட்டு, அடுத்த வாரத் தேதியைச் சொல்லுங்கள். உண்மையான தேதிக்கு மூன்று நாள் தள்ளியே சொல்லுங்கள். அந்த மூன்று நாள் மாட்டுக்கோ பிள்ளைக்கோ உடம்புக்கு வந்தால் கைகொடுக்கும். "முடியாது" என்று ஒரு முறை சொன்னதால் யாரும் ஆளை மாற்றுவதில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் துணி கிடைக்காமல் போனால்தான் மாற்றுகிறார்கள்.

ஒன்றரை ஷிப்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷிப்ட் 500 ரூபாய் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மணிக்கு 62 ரூபாய். மாலை ஐந்தரைக்கு மேல் மூன்று மணி நேரம் நின்று அரை ஷிப்ட் 250 வாங்கினால் மணிக்கு 83. ஆசை வருவது நியாயம்தான். ஆனால் வாரம் 48 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டைக் கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. அதன்படி அந்த மூன்று மணி நேரத்துக்கு 375 வரவேண்டும். அதை ஒரு பக்கம் வையுங்கள். வாரத்தில் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் நிற்கிறவர் இரவு ஒன்பதரைக்கு வீடு சேர்ந்து, சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்று ஆகிவிடும். காலை ஐந்து மணிக்கு அவர் எழ மாட்டார். காலைக் கறவை மனைவி தலையில் விழும், காலைத் தையல் பிற்பகலுக்கு ஓடும், பிற்பகல் தையல் இரவுக்கு ஓடும், இரவில் கை தவறும். 250 ரூபாய் வந்த வழி தெரியும், போன வழி தெரியாது. வாரத்தில் இரண்டு நாள், அதுவும் மறுநாள் ஞாயிறாக வரும் சனிக்கிழமையைச் சேர்த்து நிற்பது குடும்பம் தாங்கும் அளவு.

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. பால் பணம் பத்து நாளுக்கோ பதினைந்து நாளுக்கோ ஒரு முறை. தையல் கூலி நூறும் இருநூறுமாகச் சில்லறையில் வரும். மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டால் எந்த வேலை சோறு போடுகிறது, எது சோற்றைத் தின்கிறது என்று தெரியாது. மாட்டுத் தீவனத்தை மாட்டுப் பணத்தில் மட்டும் வாங்குங்கள். சனிக்கிழமைச் சம்பளத்தில் தீவன மூட்டை வாங்க வேண்டி வந்தால், மாடு நஷ்டத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். கறவை குறைந்துவிட்டதா, பருவம் தப்பியதா என்று அன்றே பாருங்கள். சம்பளம் மளிகைக்கும் வாடகைக்கும். தையல் காசு பள்ளிச் செலவுக்கும் நோம்பி நொடிக்கும்.

வீட்டு வேலையில் கைகொடுக்கும் ஏற்பாடுகள் சில உண்டு. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு தருகிறார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் காலை அடுப்பு வேலை பாதியாகக் குறையும். அங்கே சாப்பிடுவதைக் குறைவாக நினைக்கும் பெற்றோர் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அந்த எண்ணம் வேண்டாம், சூடான சாப்பாடு அது. இட்லி மாவை ஞாயிறும் புதனும் நாலுக்கு ஒன்று அளவில் ஆட்டி, புளித்ததும் குளிர்பெட்டியில் வைத்தால் வாரம் ஓடிவிடும்.

ஆசிரியர் அவர்கள் வழியாக மூன்று கோரிக்கைகள். பால் எடுக்கும் நேரத்தை முன்னறிவிப்பில்லாமல் மாற்றக் கூடாது. மூன்றரை என்று சொல்லிவிட்டு மூன்றேகாலுக்கு வண்டி போய்விட்டால், அன்றைய பிற்பகல் பால் அத்தனையும் வீட்டிலேயே தங்கிப்போகிறது. பிற்பகல் எடுப்பை ஒரு மணி நேரம் தள்ள முடிந்தால் கறவை இடைவெளியும் சீராகும், தைக்கிறவர்களுக்கு ஒரு மணி நேரப் பகல் வெளிச்சமும் கூடும். சினை ஊசி போடுபவர்கள் மாலை ஆறு மணி வரை கிடைக்க வேண்டும். காலையில் பருவம் பார்த்த மாட்டுக்கு மாலையில்தானே ஊசி. மூன்றாவது, கறவை மாட்டுக்கும் தையலுக்கும் நடத்தும் பயிற்சி வகுப்புகளை வேலை நாளில் காலை பத்து மணி முதல் மாலை நாலு மணி வரை வைக்கிறார்கள். பயிற்சி வேண்டியவர்கள் அந்த நேரத்தில் வர முடியாது. வருகிறவர்கள் பெரும்பாலும் மாடு இல்லாதவர்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொன்று முதல் ஒரு மணி வரை, ஊருக்குள்ளேயே வைத்தால் கணவனும் மனைவியும் சேர்ந்தே வருவார்கள். மதியச் சாப்பாடுகூட வேண்டாம். இரண்டரை மணிக்குள் வீட்டில் இருந்தால் போதும், கறக்க நேரமாகிவிடும்.

இப்படிக்கு,
கறவையும் தையலும் அறிந்த வாசகர்கள்,
அவிநாசி வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.